பக்கச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டரைச் சாலையில் ஓட்டுவது சுலபமா?

உங்கள் தம்பிக்குக் காலில் பாதிப்பு, ஸ்கூட்டரின் பின்னால் இரு பக்கமும் சக்கரம் பொருத்திக் கொடுக்கப் போகிறீர்கள் என்று புரிந்துகொள்கிறேன். "வண்டி கீழே விழாது, அப்படியானால் இரு சக்கர வண்டியைவிடச் சுலபம்தானே?" என்று கேட்டிருக்கிறீர்கள். இளம்பிள்ளை வாதத்தில் இரண்டு கால்களும் பாதிக்கப்பட்டவன் நான். 14 ஆண்டுகளாக இந்த வண்டிதான் ஓட்டுகிறேன். நிற்கும்போது விழாது. அதற்கு மேல் எதையும் சுலபம் என்று நம்பிவிடாதீர்கள்.

ஊரில் மூன்று சக்கர வண்டி என்பார்கள்; எண்ணிப் பார்த்தால் நான்கு. இரு சக்கர வண்டிக்காரர் வளைவில் உடம்போடு வண்டியையும் சாய்த்துத் திரும்புவார். இது சாயாது. வேகமாகத் திருப்பினால் ஆளை வெளிப்பக்கம் தள்ளும், உள்பக்கச் சக்கரம் தரையைவிட்டு எழும்பும். பள்ளம் வந்தால் முன் சக்கரம் தப்பித்துவிடும், பின்னால் வரும் பக்கச் சக்கரம் அதில் இறங்கிவிடும். கண் எப்போதும் மூன்று தடங்களைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

வண்டி வாங்கிய முதல் ஐப்பசி. திருச்சியில் திருவெறும்பூரிலிருந்து காந்தி மார்க்கெட்டுக்கு வந்துகொண்டிருந்தேன். நல்ல மழை. அரியமங்கலம் தாண்டியதும் பின்னால் ஒரு பஸ் விடாமல் ஹாரன் அடித்தது. பயந்து ஒதுங்கினேன். தார் முடிந்து மண் தொடங்கும் இடத்தில் ஒரு சாண் இறக்கம் இருந்தது. இடது பக்கச் சக்கரம் அதில் இறங்கி அச்சு வரை புதைந்தது. ஆக்சிலரேட்டரைத் திருகினால் பின் சக்கரம் சேற்றை வாரி இறைத்ததே தவிர வண்டி நகரவில்லை. என் வண்டியில் ரிவர்ஸ் கியர் கிடையாது. மற்றவர்களைப் போலக் காலை ஊன்றிப் பின்னால் தள்ளவும் என்னால் முடியாது. ஊன்றுகோல் இடப்பக்கம் கட்டியிருந்தது, அதுவும் சேற்றில். எத்தனையோ வண்டிகள் கடந்து போயின. கடைசியில் மார்க்கெட்டில் மூட்டை தூக்கும் இருவர் வந்தார்கள். ஒருவர் மழைக்காகத் தலையில் போட்டிருந்த சாக்கை எடுத்துச் சக்கரத்தின் கீழ் விரித்தார். "அண்ணே, நீங்கள் இறங்க வேண்டாம், உட்கார்ந்திருங்கள்" என்று சொல்லி என்னோடு சேர்த்தே தூக்கி மேலே வைத்தார்கள். அந்த ஈரச் சாக்கை அவர் மறுபடியும் தலையில் போட்டுக்கொண்டு நடந்ததை இன்றும் மறக்கவில்லை.

அன்றிலிருந்து நான் ஓரத்தில் போவதில்லை. தார் விளிம்பிலிருந்து ஒரு கை தூரம் உள்ளேதான் ஓட்டுவேன். சாலையை அடைத்துக்கொண்டு போகிறான் என்று சிலர் இங்கேயும் எழுதுவார்கள். எழுதட்டும். என் வண்டியின் அகலம் அவ்வளவு, அந்த இடம் எனக்கு வேண்டும். வேகம் 40ஐத் தாண்டுவதில்லை. தலைக்கவசம் இல்லாமல் ஏறுவதும் இல்லை.

சக்கரத்தைப் பொருத்தியதோடு நிறுத்திவிடாதீர்கள். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் அந்த மாற்றத்தை ஆர்.சி. புத்தகத்தில் ஏற்றுங்கள், காப்பீட்டு நிறுவனத்துக்கும் தெரிவியுங்கள்; இல்லாவிட்டால் விபத்தின்போது இழப்பீட்டில் சிக்கல் வரும். உரிமமும் இந்த வகைக்கே எடுக்க வேண்டும். 2019 திருத்தத்துக்கு முன் மோட்டார் வாகனச் சட்டத்தில் இதற்கு 'இன்வேலிட் கேரியேஜ்' என்று பெயர். அந்த ஆங்கிலச் சொல்லுக்கு உடல் நலிந்தவர் என்றும் பொருள், செல்லாதது என்றும் பொருள். விண்ணப்பத்தில் அதை என் கையாலேயே எழுதியபோது எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். இப்போது 'மாற்றியமைக்கப்பட்ட வாகனம்' என்கிறார்கள். அந்த மட்டில் நிம்மதி.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். கல்யாண மண்டபம் கட்டுகிறவர்கள் ஏன் சாப்பாட்டுக்கூடத்தை மாடியிலேயே வைக்கிறார்கள்? என் அக்கா மகள் திருமணத்தில் நான் தாய்மாமன். சீர்த்தட்டு வைத்தேன், மாலை எடுத்துக் கொடுத்தேன். பந்திக்கு மட்டும் போக முடியவில்லை. லிஃப்ட் இல்லை, 22 படிகள். கீழே நாற்காலியில் உட்கார்ந்து, அக்கா ஒரு தட்டில் வைத்துக் கொண்டுவந்ததைச் சாப்பிட்டேன். மாப்பிள்ளை வீட்டார் என்னைத் தேடி மாடியில் இலை போட்டுக் காத்திருந்தார்களாம்.

தம்பியை முதல் இரண்டு வாரம் காலி மைதானத்திலேயே ஓட்டச் சொல்லுங்கள், இடது திருப்பமும் வலது திருப்பமும் மாறி மாறி. கூடவே நீங்களும் நில்லுங்கள்.