முதல் உலகப் போரில் முள்கம்பியை வெட்டிவிட்டுப் போயிருக்க முடியாதா?

"முதல் உலகப் போரில் முள்கம்பி வேலியைத் தாண்ட முடியாமல் ஆயிரக்கணக்கான சிப்பாய்கள் செத்தார்கள் என்கிறார்கள். வெறும் கம்பிதானே, வெட்டிவிட்டுப் போயிருக்க முடியாதா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

நீங்கள் கல்லூரியில் படிப்பவராக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். கம்பியோடு மல்லுக்கட்டிப் பார்க்காதவருக்கு இந்தச் சந்தேகம் வருவதில் தப்பில்லை. ஆனால் "வெறும் கம்பிதானே" என்பதைப் படித்துவிட்டு என்னால் கடந்துபோக முடியவில்லை. ராணுவத்தின் பொறியாளர் படைப்பிரிவான மெட்ராஸ் சாப்பர்ஸில் 22 வருடம் இருந்து ஹவில்தாராக ஓய்வு பெற்றவன் நான். கம்பி போடுவதும் எதிரி போட்ட கம்பியைத் திறப்பதும் எங்கள் தொழில்.

1987-ல் பெங்களூரில் ரெக்ரூட்டாக இருந்தபோது ஒரு ராத்திரிப் பயிற்சி. நானும் ஓங்கோல் பக்கத்துப் பையன் ஒருவனும் தவழ்ந்து போய் நாலு வரிசைக் கம்பியைச் சத்தமில்லாமல் வெட்ட வேண்டும். எனக்கு அவசரம். இரண்டு பிக்கெட்டுக்கும் (கம்பியைத் தாங்கும் முளை) நடுவில் இழுத்துக் கட்டியிருந்த கம்பியில் கட்டரை வைத்து ஒரே அழுத்து. வெட்டுப்பட்ட முனை சாட்டை மாதிரி திரும்பி வந்து இடது கண்ணுக்குக் கீழே கிழித்தது. அரை அங்குலம் மேலே போயிருந்தால் கண் போயிருக்கும். கம்பியில் கட்டியிருந்த தகர டப்பாக்கள் எல்லாம் கலகலவென்று சத்தம் போட்டன. எங்கள் உஸ்தாத், அதாவது பயிற்சி கொடுப்பவர், திருநெல்வேலிக்காரர். காயத்துக்குத் துணியை வைத்து அழுத்திக்கொண்டே சொன்னார்: "தம்பி, கம்பிய நடுவுல வெட்டாத. பிக்கெட்ட ஒட்டி வெட்டு. வெட்டுறதுக்கு முன்னால இன்னொருத்தன் ரெண்டு கையாலயும் பிடிச்சிருக்கணும். அப்புறம் முனைய மெதுவா மடக்கி விடணும்."

அப்படியே மறுபடி செய்தோம். நாலு கம்பிக்கு 40 நிமிடம் ஆனது. எதிரே சுட யாரும் கிடையாது.

இப்போது 1916-க்குப் போங்கள். பிரான்சில் சோம் ஆற்றுப் பக்கம் ஜெர்மானியர்கள் போட்டிருந்தது நாலு வரிசை இல்லை. பல இடங்களில் 30 கஜ அகலத்துக்கு ஒரு பட்டை, கொஞ்ச தூரம் விட்டு அதே அகலத்தில் இன்னொரு பட்டை. முதலில் மரக்கம்பை அடித்துத்தான் கம்பி கட்டினார்கள். ராத்திரியில் சுத்தியல் சத்தம் கேட்டால் எதிர்ப்பக்கத்திலிருந்து சுடுவான். அதனால் திருகாணி மாதிரி மண்ணுக்குள் சத்தமில்லாமல் திருகி இறக்கும் இரும்பு பிக்கெட் வந்தது. இன்றைக்கும் அதே வடிவத்தைப் பயன்படுத்துகிறார்கள்.

முக்கியமான விஷயம், கம்பி மட்டும் யாரையும் கொல்லாது. ஆளை நிறுத்தி வைக்கும், அவ்வளவுதான். எந்த இடத்தில் நிற்பான் என்று கணக்குப் பார்த்து இயந்திரத் துப்பாக்கியை முன்கூட்டியே அந்தக் கோட்டுக்குத் திருப்பி வைத்திருப்பார்கள். 40 நிமிட வேலையை அங்கே யார் செய்வது?

சரி, பீரங்கியால் அடித்துவிட்டுப் போகலாமே என்பீர்கள். பிரிட்டிஷ்காரர்கள் அதைத்தான் செய்தார்கள். 7 நாள், ஏறக்குறைய 15 லட்சம் குண்டுகள். ஆனால் அவற்றில் பெரும்பகுதி ஷ்ராப்னெல், அதாவது உள்ளே சின்னச் சின்ன ஈயக்குண்டுகள் நிரப்பிய குண்டு. அது கம்பிக்கு மேலே சரியான உயரத்தில் வெடித்தால்தான் சிதறும் ஈயக்குண்டுகள் கம்பியை அறுக்கும். உயரம் கொஞ்சம் மாறினாலும் வீண். மற்ற வெடிகுண்டுகள் மண்ணுக்குள் புதைந்து வெடித்தன. கம்பி மேலே தூக்கி எறியப்பட்டு, முன்பைவிடச் சிக்கலாகத் திரும்ப அதே இடத்தில் விழுந்தது. ஏராளமான குண்டுகள் வெடிக்கவே இல்லை. ஜூலை 1 காலையில் கிளம்பிப் போனவர்களுக்குப் பல இடங்களில் கம்பி அப்படியே நின்றது. அந்த ஒரே நாளில் பிரிட்டிஷ் தரப்பில் 57,470 பேர் பாதிக்கப்பட்டார்கள். அதில் 19,240 பேர் செத்தார்கள். கம்பியைத் தொட்டவுடன் வெடிக்கும் 106-ம் எண் ஃபியூஸ் (குண்டை வெடிக்கவைக்கும் திரி அமைப்பு) பரவலாகக் கைக்கு வந்தது 1917-ல்தான்.

இனி நான் சொல்ல வந்தது. இந்தக் கம்பிப் பிரச்சினைக்கு வேறொரு வழி போருக்கு முன்பே, 1912-ல், பெங்களூரில் பிறந்தது. எங்கள் படைப்பிரிவான மெட்ராஸ் சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸில் கேப்டனாக இருந்த மெக்லின்டாக் உருவாக்கியது. வெடிமருந்து நிரப்பிய நீளக் குழாய்கள். ஒன்றோடு ஒன்றை மாட்டி, மறைவில் இருந்தபடியே கம்பிக்கு அடியில் தள்ளிக்கொண்டே போகலாம். வெடித்தால் ஆள் நுழைய வழி விடும். பெயர் பெங்களூர் டார்பிடோ. டார்பிடோ என்று இருப்பதால் கப்பலை அடிப்பது என்று நினைக்கிறார்கள். என் மகள் போட்டித் தேர்வுக்கு வாங்கிய ஒரு கையேட்டிலேயே கடற்படை ஆயுதங்கள் பட்டியலில் இதைச் சேர்த்திருந்தார்கள். இது தரையில் தவழ்கிறவனின் ஆயுதம். 1944-ல் நார்மண்டிக் கடற்கரையில் அமெரிக்கர்கள் கம்பியை உடைத்ததும் இதனால்தான்.

"வெள்ளைக்கார அதிகாரி செய்ததற்கு உனக்கு என்ன பெருமை?" என்று ஒருவர் வருவார், தெரியும். மெக்லின்டாக் வெள்ளைக்காரர்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் படைப்பிரிவின் சிப்பாய்கள் மெட்ராஸ் மாகாணத்துக்காரர்கள். தமிழர், தெலுங்கர், மலையாளி, கன்னடர் எல்லோரும் உண்டு. இன்றும் ராணுவத்தில் எங்கள் ஆட்களுக்குத் "தம்பி" என்றுதான் பெயர். அந்தக் குழாயைத் தோளில் சுமந்து பழகியவன் நான். பெருமைப்பட எனக்கு உரிமை உண்டு. அது போரையே ஜெயித்துக் கொடுத்தது என்று நான் சொல்லவில்லை. ஒரு குழாய் ஒரு குறுகிய வழியைத்தான் திறக்கும், அதையும் ஒருவன் எதிரியின் கம்பி வரை தூக்கிப் போக வேண்டும். முழு வரிசையையும் நசுக்க டாங்கி வர வேண்டியிருந்தது. 1917 நவம்பர் 20-ல் பிரான்சின் காம்ப்ரேயில் பிரிட்டிஷ்காரர்களின் 400-க்கும் மேற்பட்ட டாங்கிகள் போயின. சிலவற்றில் கொக்கி மாட்டிக் கம்பியை வாரி இழுத்தார்கள், பின்னால் வரும் குதிரைப்படைக்கு வழி விட.

கம்பி என்றதும் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கேள்விக்குச் சம்பந்தமில்லாமல் இருக்கலாம். எங்கள் ஊரில் இப்போது காலி மனை எல்லாவற்றையும் சுற்றி முள்கம்பி. போடுகிறவர்கள் அப்புறம் வந்து பார்ப்பதே இல்லை. தூண் சாய்ந்து, கம்பி துருப்பிடித்துப் புல்லுக்குள் கிடக்கிறது. போன மழைக்காலத்தில் ஒரு கன்றுக்குட்டி அதில் பின்னங்கால் மாட்டிக்கொண்டு கத்தியது. இழுக்க இழுக்க முள் உள்ளே ஏறியது. பையன்கள் ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். எல்லோரையும் விலக்கி, ஒரு பையனிடம் சாக்கைச் சுற்றிக் கம்பியைப் பிடிக்கச் சொல்லி, தூணை ஒட்டி ஒவ்வொன்றாக வெட்டினேன். பட்டப்பகல், கையில் நல்ல கட்டர், சுற்றிலும் உதவிக்கு ஆள். அப்படியும் அரை மணி நேரத்துக்கு மேல் ஆனது.

மனைக்காரரிடம் போய்ச் சொன்னேன். "மாடு வரக்கூடாதுன்னுதானே சார் போட்டது" என்றார். அந்தக் கம்பி இன்னும் அங்கேயேதான் கிடக்கிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் அந்த வழியாகத்தான் போகிறார்கள்.