டார்க் ஹார்ஸ் வாங்கலாமா? டிராக்கில் ஓட்ட நினைப்பவர்களின் கேள்விகளும் என் பதில்களும்

ஃபோர்டின் மஸ்டாங் டார்க் ஹார்ஸ் கார் பற்றி நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். வந்த கேள்விகளைச் சுருக்கிப் போட்டுப் பதில் சொல்கிறேன். நான் பதினோரு வருடமாகக் கலிஃபோர்னியாவில் டிராக் நாட்களுக்கு (சொந்தக் காரை ரேஸ் டிராக்கில் ஓட்டிப் பார்க்கும் நாட்கள்) போகிறேன், கடைசி ஐந்து வருடமாகப் புதியவர்களுக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கவும் செய்கிறேன். இந்தக் காரிலும் அப்படிப் பல தடவை உட்கார்ந்திருக்கிறேன், சில தடவை ஓட்டியும் இருக்கிறேன்.

கேள்வி (டல்லாஸிலிருந்து ஒரு தம்பி): அண்ணா, மஸ்டாங் ஜிடி-யில் ஆக்டிவ் எக்ஸாஸ்ட் போட்டால் 486 குதிரைத்திறன், டார்க் ஹார்ஸில் 500. இந்த 14 குதிரைக்காகப் பத்தாயிரம் டாலர் கூடக் கொடுப்பதா?

பதில்: 14 குதிரைக்காக என்றால் வேண்டவே வேண்டாம் தம்பி. டிராக்கில் அந்த வித்தியாசம் உனக்குத் தெரியவே தெரியாது. இரண்டிலும் இருப்பது அதே 5 லிட்டர் கொயோட்டி வி-8 இன்ஜின்தான், டார்க் ஹார்ஸில் கனெக்டிங் ராடு மட்டும் ஷெல்பி ஜிடி500-இலிருந்து வந்த பலமான ராடு. பணம் போவது வேறு இடத்தில். மேனுவல் எடுத்தால் டிரெமெக் 3160 கியர்பாக்ஸ், பின் ஆக்சிலுக்குத் தனி கூலர், இன்ஜின் ஆயில் கூலர், சாலைக்கேற்ப இறுக்கத்தை மாற்றிக்கொள்ளும் மேக்னரைடு சஸ்பென்ஷன், பிடி அதிகமுள்ள பின் சக்கரத்துக்குப் பவரை அனுப்பும் டோர்சன் டிஃபரென்ஷியல், இதெல்லாம் சேர்ந்தே வருகிறது.

கூலரை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், இதே மஸ்டாங் குடும்பத்தில் அது இல்லாமல் அடிபட்ட கதை இருக்கிறது. 2016 ஷெல்பி ஜிடி350-ஐ நினைத்துப் பார். 5.2 லிட்டர், 526 குதிரைத்திறன், 8,250 ஆர்பிஎம் வரை கத்தும் இன்ஜின். ஆனால் டிராக் பேக்கேஜ் எடுக்காத கார்களில் கியர்பாக்ஸுக்கும் டிஃபரென்ஷியலுக்கும் கூலர் இல்லை. டிராக்கில் சூடு ஏறியதும் கார் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள லிம்ப் மோடுக்கு (பவரைக் குறைத்துக்கொண்டு ஓடும் நிலை) போய்விடுகிறது என்று உரிமையாளர்கள் 2017-இல் ஃபுளோரிடாவில் வழக்கே போட்டார்கள். 2017 மாடலிலிருந்து அந்தக் கூலர்களை எல்லாக் கார்களிலும் வைத்தே கொடுத்தார்கள். அதனால் இந்த வகைக் கார் எதைப் பார்த்தாலும் முதலில் எதற்கெல்லாம் கூலர் இருக்கிறது என்று பார், குதிரைத்திறனை அப்புறம் பார்க்கலாம். டெக்சாஸ் வெயிலில் ஓட்டப்போகிற உனக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும்.

வருடத்துக்கு ஒன்றிரண்டு தடவைதான் டிராக் போவாய் என்றால் பெர்ஃபார்மன்ஸ் பேக் போட்ட ஜிடி போதும். முன்னால் அதே 390 மில்லிமீட்டர் டிஸ்க், ஆறு பிஸ்டன் பிரெம்போ பிரேக், அதே டோர்சன் அதிலும் வருகிறது. மிச்சமாகும் பணத்தில் பல வருட டிராக் கட்டணத்தைக் கட்டிவிடலாம்.

கேள்வி (ஃப்ரீமான்டிலிருந்து ஒரு சகோதரி): மியாட்டாவில் மூன்று வருடமாக டிராக்கில் ஓட்டுகிறேன் அண்ணா. அடுத்து இந்தக் கார்தான் என்று மனதில் இருக்கிறது. பழகுவதில் என்ன கஷ்டம் வரும்?

பதில்: எடைதான் அம்மா. மாஸ்டாவின் சின்ன ஸ்போர்ட்ஸ் காரான உங்கள் மியாட்டா 1,060 கிலோ வாக்கில் இருக்கும். டார்க் ஹார்ஸ் 1,790 கிலோவை ஒட்டி வருகிறது. உங்களையும் பெட்ரோலையும் சேர்த்து 1,870 என்று வைத்துக்கொள்ளுங்கள். நீளமான நேர்ச்சாலையின் முடிவில் 215 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 75-க்கு இறக்கும்போது பிரேக்குக்குள் போகும் வெப்பம், வீட்டுக் குழாயில் பிடித்த சுமார் 8 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். அதை நான்கைந்து நொடியில் செய்கிறீர்கள், ஒவ்வொரு லேப்பிலும் செய்கிறீர்கள், இருபது நிமிடம் விடாமல் செய்கிறீர்கள். மியாட்டாவில் பிரேக்கைப் பற்றி நினைக்காமலேயே ஓட்டிப் பழகியிருப்பீர்கள், இதில் அந்தப் பழக்கம் ஆபத்து.

பிரெம்போ பெரிய பிரேக்தான், எனக்கு அதில் குறையே இல்லை. ஆனால் பிரேக் ஆயில் கொதித்தால் எந்த பிரேக்கும் பிடிக்காது. டாட் 4 தரம் என்றால் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் தாங்க வேண்டும், ஈரம் உறிஞ்சிய பிறகு 155 தாங்கினாலே தரத்துக்குள் வந்துவிடும். ரேஸ் ஆயில்கள் புதிதில் 300 டிகிரியைத் தாண்டும். என்னுடைய பழைய காரில் இரண்டு வருடப் பழைய ஆயிலோடு பட்டன்வில்லோ டிராக்குக்குப் போய், ஐந்தாவது லேப்பில் பெடல் தரை வரைக்கும் இறங்கியது எனக்கு இன்னும் காலில் நினைவிருக்கிறது. மண்ணில் இறங்கி நின்றேன், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, அன்றிலிருந்து ஒவ்வொரு சீசன் தொடக்கத்திலும் ஆயில் மாற்றாமல் கேட்டைத் தாண்டுவதில்லை. டார்க் ஹார்ஸ் வாங்கினால் முதல் டிராக் நாளுக்கு முன்பே ரேஸ் பிரேக் ஆயிலும் டிராக் பேடும் போட்டுவிடுங்கள், இதைத் தள்ளிப்போடவே கூடாது.

இன்னொன்று, மியாட்டாவில் கார்னருக்குள் கொண்டுபோகும் வேகம்தான் உங்கள் சொத்து. இதில் சீக்கிரம் பிரேக் பிடித்து, காரை நேராக்கி, பொறுமையாகக் கேஸ் கொடுக்க வேண்டும். 567 நியூட்டன் மீட்டர் டார்க் (சுழற்றும் விசை) பின் சக்கரத்துக்குப் போகிறது. நீங்கள் ஏற்கெனவே மென்மையாக ஓட்டப் பழகியவர் என்பதால் இரண்டு மூன்று நாளில் பிடித்துவிடுவீர்கள். முதல் காராகவே இதை வாங்கி வருகிறவர்களுக்குத்தான் உண்மையிலேயே கஷ்டம்.

கேள்வி: ஹேண்ட்லிங் பேக்கேஜ் தேவையா?

பதில்: டிராக் டயருக்காக மட்டும் இல்லாமல், கேம்பருக்காகவும் (சக்கரம் உள்ளேயோ வெளியேயோ சாய்ந்து நிற்கும் கோணம்) இதைப் பாருங்கள். சாதாரண டார்க் ஹார்ஸில் முன்னால் 255, பின்னால் 275 அகல டயர். ஹேண்ட்லிங் பேக்கேஜில் 305-ம் 315-ம், அதுவும் பிரெல்லி டிரோஃபியோ ஆர்எஸ் என்ற டிராக் டயர். கூடவே கெட்டியான ஸ்பிரிங், பெரிய ஸ்வே பார், முன் ஸ்ட்ரட் மேலே நகர்த்திக்கொள்ளும் மவுண்ட். அந்த மவுண்ட் இருந்தால்தான் முன் சக்கரத்துக்கு உருப்படியாக நெகட்டிவ் கேம்பர் (மேல்பக்கம் உள்ளே சாய்வது) கொடுக்க முடியும், இல்லையென்றால் இந்த எடைக்கு முன் டயரின் வெளி ஓரம் தேய்ந்து டயர் பாதியிலேயே வீணாகிவிடும். கார் வந்த வருடத்தில் இந்தப் பேக்கேஜ் சுமார் 5,000 டாலர். அகலமான சக்கரம், டயர், மவுண்ட் எல்லாம் வெளியே தனித்தனியாக வாங்கினால் அதற்கு மேல் ஆகிவிடும் என்பதால், வருடம் ஐந்தாறு நாள் ஓட்டுகிறவர் எடுப்பது நியாயம்.

ஆனால் அந்த டயரோடு அலுவலகம் போகாதீர்கள். மழையில் தண்ணீர் தேங்கிய ஃப்ரீவேயில் அது பயமுறுத்தும், குளிரில் கல் மாதிரி இறுகும். மிச்சிகன், சிகாகோ பக்கம் இருக்கிறவர்கள் குளிர்காலத்தில் காரைச் சூடு இல்லாத கராஜில் விட்டால் ரப்பரிலேயே விரிசல் விட வாய்ப்பு உண்டு.

கேள்வி: மேனுவலா, பத்து கியர் ஆட்டோவா?

பதில்: லேப் டைம்தான் குறி என்றால் ஆட்டோ. எனக்கு மேனுவல்தான். டிரெமெக்கில் கியர் மாற்றும்போது கைக்குக் கிடைக்கும் உறுதி ஜிடி-யின் கெட்ராக் எம்டி-82-இல் கிடைப்பதில்லை, இந்தக் காரை ஜிடி-யிலிருந்து பிரிக்கும் முக்கியமான விஷயமே அதுதான் என்பது என் எண்ணம். ஆட்டோ எடுத்தால் அந்த வித்தியாசம் போய்விடுகிறது, அப்போது ஜிடி-யையே யோசிக்கலாம்.

கேள்வி (ஹூஸ்டன்): ப்ரோ, பழைய கமாரோ எஸ்எஸ் 1எல்இ ஒன்று நல்ல விலைக்கு வருகிறது. அதை விட்டுவிட்டுப் புது டார்க் ஹார்ஸ் வாங்குவது முட்டாள்தனமா?

பதில்: முட்டாள்தனம் இல்லை, ஆனால் டிராக்கில் மட்டும் வைத்துக் கேட்டால் எனக்கு ஷெவர்லேயின் அந்த 1எல்இ தான் பிடிக்கும். 6.2 லிட்டர், 455 குதிரைத்திறன், மேக்னடிக் ரைடு, எலக்ட்ரானிக் டிஃபரென்ஷியல், பிரெம்போ, எல்லாம் கம்பெனியிலேயே வந்தது. திருப்பும்போது மூக்கு உள்ளே போகிற விதம் மஸ்டாங்கை விடக் கூர்மை. குறை என்றால் வெளியே ஒன்றும் தெரியாது, பதுங்கு குழிக்குள் உட்கார்ந்து ஓட்டுகிற மாதிரி. 2023 டிசம்பரில் லான்சிங்கில் கமாரோ உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள் என்பதையும் கணக்கில் வையுங்கள். பார்க்கிற கார் டிராக்கில் ஓடியதா என்று விற்பவரிடம் நேராகக் கேளுங்கள். ஓடியிருந்தால் பயப்பட வேண்டாம், எத்தனை தடவை ஆயில் மாற்றினார், எப்போது பிரேக் ஆயில் மாற்றினார் என்று ரசீதோடு சொல்கிறவரின் கார், ஒருநாளும் டிராக்குக்குப் போகவில்லை என்று சத்தியம் செய்கிறவரின் காரை விட நல்லதாக இருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

கேள்வி: என் கணவர் வாங்கியே தீருவேன் என்கிறார். கார் விலை தவிர வேறு என்ன செலவு வரும் என்று உண்மையாகச் சொல்லுங்கள் அண்ணா.

பதில்: உண்மையாகச் சொல்கிறேன். கார் வந்த வருடத்தில் 60 ஆயிரம் டாலருக்குச் சற்றுக் கீழே தொடங்கியது, அதன் மேல் டீலர் தன் பங்குக்கு ஏற்றி வைத்திருந்தால் அந்தக் கடையை விட்டு வெளியே வந்துவிடுங்கள். ஹேண்ட்லிங் பேக்கேஜின் நான்கு டயர் 2,000 டாலர் வாக்கில் ஆகும். வேகமாக ஓட்டுகிறவருக்கு அது ஒரு சீசன்கூட வராது. பேட், டிஸ்க், ஆயில், நுழைவுக் கட்டணம், பெட்ரோல், ஓட்டல் என்று அடுக்கிப் பாருங்கள், அதில் டயரும் பிரேக்கும்தான் கையைக் கடிக்கும்.

அப்புறம் இன்சூரன்ஸ். சாதாரணக் கார் பாலிசிகள் பொதுவாக டிராக்கில் நடந்ததற்குப் பணம் தராது. அந்த நாளுக்கு மட்டும் தனி பாலிசி கிடைக்கும், வாங்கச் சொல்லுங்கள். சுவரில் இடித்தால் காரும் போய், கடன் தவணை மட்டும் மிஞ்சி நிற்கும் நிலை வரக் கூடாது. வாரண்டி புத்தகத்தில் ரேஸ், டிராக் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று கையெழுத்துக்கு முன் இருவரும் உட்கார்ந்து படியுங்கள், டீலர் வாயால் சொல்வது எழுத்தில் இல்லையென்றால் அது இல்லாததுதான். முதல் 1,000 மைல் நிதானமாக ஓட்டிவிட்டு, ஆயில் மாற்றி, அதன் பிறகே டிராக்.

ஒரு வருடச் செலவை காகிதத்தில் எழுதிப் பார்த்தும் அவருக்கு ஆசை குறையவில்லை என்றால் வாங்கட்டும் அம்மா. அந்த ஆசை நிலைத்து நிற்கும்.

கேள்வி: நான் 6 அடி 2 அங்குலம். உள்ளே இடம் இருக்குமா?

பதில்: ஹெல்மெட்டைக் கையோடு டீலரிடம் கொண்டுபோங்கள், கூச்சப்படாதீர்கள். போட்டுக்கொண்டு உட்கார்ந்து, தலை கூரையில் முட்டுகிறதா, கழுத்தை வளைக்காமல் கண்ணாடி வழியாகக் கார்னர் தெரியுமா என்று பாருங்கள். ரெக்காரோ ஸ்போர்ட்ஸ் சீட் போட்ட காரிலும் போடாத காரிலும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். இதைச் செய்யாமல் வாங்கிவிட்டு, பிறகு சீட்டை மாற்றியவர்களை எனக்குத் தெரியும்.

கேள்வி (கோயம்புத்தூர்): சார், வலது பக்க ஸ்டியரிங்கில் வருகிறதா? இங்கே கொண்டுவர முடியுமா?

பதில்: வருகிறது, இங்கிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் விற்கிறார்கள். ஆனால் முழுக் காராக இறக்கினால் இந்திய வரி விலையை இரட்டிப்புக்கு மேல் கொண்டுபோகும். உங்கள் ஊர் கரி ஸ்பீட்வே 2.1 கிலோமீட்டர்தான், நெருக்கமான திருப்பங்கள், இவ்வளவு எடைக்கும் இவ்வளவு பவருக்கும் அங்கே வேலையே இல்லை. சென்னைக்குப் பக்கத்தில் இருக்கும் இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் கொஞ்சம் மூச்சு விடலாம். உங்களுக்கு என் பதில் வேண்டாம் என்பதுதான், லேசான கார் ஒன்றை எடுத்து அதே பணத்தில் வருடம் முழுக்க ஓட்டுங்கள்.

கேள்வி: கலிஃபோர்னியாவின் லகுனா செகா டிராக்கில் சத்தம் அதிகம் என்று திருப்பி அனுப்பிவிடுவார்களாமே?

பதில்: ஆமாம், பெரும்பாலான நாட்களில் அங்கே 90 டெசிபல் வாக்கில் வரம்பு இருக்கும், தாண்டினால் கறுப்புக் கொடி காட்டி டிராக்கை விட்டு வெளியே வரச் சொல்வார்கள். கம்பெனி எக்ஸாஸ்டை அப்படியே வைத்திருங்கள், அமைதியான மோடில் போடுங்கள், மீட்டர் வைத்திருக்கும் இடத்தைக் காலையில் ஓட்டுநர் கூட்டத்தில் கேட்டுக்கொண்டு அங்கே மட்டும் காலைக் கொஞ்சம் தூக்குங்கள். வாங்கின கையோடு எக்ஸாஸ்டை மாற்றுகிறவர்கள்தான் மதியத்துக்கு முன்பே வீட்டுக்குத் திரும்புகிறார்கள்.