செங்காந்தள் படத்தில் இதழெல்லாம் ஒரே சிவப்புத் திட்டாக வருகிறதா?

எக்ஸ்போஷரை (கேமராவுக்குள் விழும் வெளிச்ச அளவை) ஒரு ஸ்டாப், அதாவது பாதியாக, குறைத்து எடுத்துப் பாருங்கள். படத்தில் காணாமல் போன அந்த நெளிந்த ஓரமும் நரம்புக் கோடுகளும் திரும்பிவிடும்.

பின்னாலிருக்கும் இலைகள் இருண்டு கிடப்பதால் கேமரா மொத்தப் படத்தையும் வெளிச்சமாக்கியிருக்கும். சிவப்பு மட்டும் கேமரா பதிவு செய்யக்கூடிய எல்லையைத் தாண்டிவிடும். ஹிஸ்டோகிராமில் (படத்தின் வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடம்) சிவப்பு, பச்சை, நீலம் மூன்று நிறங்களையும் தனித்தனியாகப் பாருங்கள். சிவப்பு வலது ஓரத்தில் முட்டி நின்றால் அதுதான் காரணம். போனில் என்றால் பூவைத் தொட்டுவிட்டு, வெளிச்சத்தைக் கீழே இழுத்தால் போதும்.

உச்சிவெயிலில் இது முழுதாகத் தீராது. மேகம் மூடிய ஐப்பசிக் காலையில் போங்கள். அப்புறம், முழுச்சிவப்பு என்றால் முதிர்ந்த பூ. அடியில் மஞ்சள் மாறாத இளம்பூ இன்னும் அழகு.

கொடியை வளைத்து இழுக்காதீர்கள். செடி முழுக்க நஞ்சு, கிழங்கில் அதிகம். கிழங்குக்காகத் தோண்டிப் போகிறார்கள், அதனால் பகிரும்போது இடத்தைக் குறிப்பிட வேண்டாம்.