கம்பா, கராத்தேயா?

அன்புள்ள ஐயா,

வணக்கம். நடுவயதில் சிலம்பம் கற்றுக்கொள்ளப் போனதைப் பற்றி ஒரு கட்டுரையில் போகிறபோக்கில் நாலு வரி எழுதியிருந்தீர்கள். அந்த நாலு வரிதான் இந்தக் கடிதத்துக்குக் காரணம்.

எனக்கு 39 வயது. ஸ்ரீரங்கத்தில் வீடு. தனியார் பள்ளி ஒன்றில் கணக்கு டீச்சர். ஒன்பது வயது மகளைக் கராத்தேயில் சேர்த்து ஒரு வருடம் ஆகிறது. வாரம் மூன்று சாயங்காலம் அவளைக் கொண்டுபோய் விட்டுவிட்டு, வெளியே ஸ்கூட்டியில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பேன். பார்த்துப் பார்த்து எனக்கும் ஆசை வந்துவிட்டது. மாஸ்டரிடம் கேட்டேன். "தாராளமா வாங்க மேடம், ரெண்டு வருஷத்துல பிளாக் பெல்ட் வாங்கிடலாம்" என்றார். அங்கே ஐம்பது பிள்ளைகள், ஒரே மாஸ்டர். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பெல்ட் டெஸ்ட் நடக்கும், அதற்குத் தனியாகப் பணம். இதுவரை யாரும் ஃபெயில் ஆகி நான் பார்த்ததில்லை.

இன்னொரு பக்கம், காலை நடைக்குப் போகும்போது காவிரிக் கரையோரம் ஒரு காலி மனையில் பத்துப் பதினைந்து பேர் சிலம்பம் பழகுகிறார்கள். வாத்தியாருக்கு அறுபது வயதிருக்கும். குள்ளமான மனிதர். சத்தமே போடமாட்டார். ஒரு பையன் கால் மாற்றி வைத்தால் குனிந்து கையால் அவன் பாதத்தைத் திருப்பி வைப்பார். பெண்கள் நாலைந்து பேர் உண்டு.

என் கணவர் சிரிக்கிறார். "எல்லாமே நம்ம ஊர் போதிதர்மர் சீனாவுக்குக் கொண்டுபோனதுதானே, எதைக் கத்துக்கிட்டா என்ன" என்கிறார். எனக்கு வலது முழங்காலில் லேசான வலி உண்டு. தற்காப்புக்கு எது உதவும்? இந்த வயதில் தொடங்கலாமா? நல்ல வகுப்பு எது என்று எப்படித் தெரிந்துகொள்வது? சுடிதாரில் போகலாமா என்பதுகூட எனக்குத் தெரியவில்லை.

பெயர் போட வேண்டாம்.

ஸ்ரீரங்கத்திலிருந்து ஒரு வாசகி

*

அன்புள்ள டீச்சர்,

முதலில் உங்கள் வீட்டுக்காரர் விஷயத்தை முடித்துவிடுகிறேன். போதிதர்மர் தென்னிந்தியாவிலிருந்து போனவர் என்பதற்குப் பழைய சீனக் குறிப்பு உண்டு. பாரசீகத்துக்காரர் என்று சொல்லும் குறிப்பும் உண்டு. ஆனால் அவர் சீனாவில் ஷாவோலின் மடத்துத் துறவிகளுக்குச் சண்டை சொல்லிக்கொடுத்தார் என்ற கதைக்கு வேர், 1624ஆம் ஆண்டு வாக்கில் எழுதப்பட்ட யிஜின் ஜிங் என்ற உடற்பயிற்சி நூல். அவர் வாழ்ந்ததாகச் சொல்லப்படும் காலத்துக்கு ஆயிரம் வருடம் பிந்தியது. அந்தக் கதை நிற்காது என்று சீன வரலாற்றாசிரியர் தாங் ஹாவோ 1930களிலேயே எழுதிவிட்டார். நாம்தான் இன்னும் விடமாட்டேன் என்கிறோம். சிலம்பத்துக்கும் ஐயாயிரம் வருடம் என்று எழுதிவைத்த பேனர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கம்பு நம் தலையை நோக்கி வரும்போது அது எத்தனை வருடத்துக் கம்பு என்று யாரும் எண்ணிக்கொண்டிருப்பதில்லை.

இனி உங்கள் கேள்வி. கம்பா, கராத்தேயா என்று கேட்கிறீர்கள். ஆனால் கடிதத்தைத் திரும்ப வாசித்துப் பாருங்கள். கராத்தே பற்றி எழுதும்போது பெல்ட், பணம், கூட்டம் என்று எழுதியிருக்கிறீர்கள். சிலம்பத்துக்கு வரும்போது ஒரு மனிதர் குனிந்து ஒரு பையனின் பாதத்தைத் திருப்பி வைத்ததை எழுதியிருக்கிறீர்கள். கலையை ஒப்பிடுவதாக நினைத்துக்கொண்டு இரண்டு வாத்தியார்களை ஒப்பிட்டிருக்கிறீர்கள். அதுதான் சரியான ஒப்பீடு. புதிதாகச் சேருகிறவருக்குக் கலை இரண்டாம்பட்சம். சுமாரான வாத்தியாரிடம் கற்கும் உயர்ந்த கலையைவிட, நல்ல வாத்தியாரிடம் கற்கும் எந்தக் கலையும் மேல்.

இதை நான் மூக்கில் குத்து வாங்கித்தான் தெரிந்துகொண்டேன். கல்லூரிக் காலத்தில் சென்னையில் ஒரு வகுப்பில் கராத்தே படித்தேன். ஒன்றரை வருடத்தில் பிரவுன் பெல்ட். கட்டா எல்லாம், அதாவது எதிராளி இல்லாமல் தனியாகச் செய்யும் அடிவரிசைகள், கண்ணாடிக்கு முன்னால் அழகாக வரும். காற்றை என்னளவுக்கு அடித்தவர்கள் குறைவு. ஹாஸ்டலில் வியாசர்பாடிப் பையன் ஒருவன் இருந்தான். வடசென்னையில் குத்துச்சண்டை அப்பனிடமிருந்து மகனுக்கு வருகிற சொத்து. அவனும் அப்படி வந்தவன்தான். ஒருநாள் விளையாட்டாக இரண்டு பேரும் மொட்டை மாடியில் நின்றோம். பத்து விநாடி இருக்கும். என் பிரவுன் பெல்ட்டும் நானும் தண்ணீர்த் தொட்டியில் சாய்ந்து கிடந்தோம். அவன் பாவம், துண்டை நனைத்து மூக்கில் வைத்துவிட்டு, "அண்ணே, நீங்க ஏன் நகரவே இல்ல?" என்று கேட்டான். எதிரே நிற்பவன் திருப்பி அடிப்பான், நகர்ந்துகொண்டே இருப்பான் என்பதை அந்த ஒன்றரை வருடத்தில் யாரும் எனக்குச் சொல்லவில்லை.

தப்பு கராத்தேயில் இல்லை. ஸ்பாரிங், அதாவது ஆளுக்கு ஆள் மோதிப் பழகுவது, ஒழுங்காக நடக்கும் கராத்தே வகுப்புகள் தமிழ்நாட்டில் நிறைய உண்டு. ஆகவே, எந்த வகுப்பைப் பார்க்கப் போனாலும் முதலில் இதைக் கவனியுங்கள்: ஒருவரை ஒருவர் உண்மையாக எதிர்க்கும் நேரம் அங்கே இருக்கிறதா? ஜூடோவில் அது ராண்டோரி, கராத்தேயில் குமித்தே, சிலம்பத்தில் தொடுமுறை. ஆளுக்கு ஆள் நின்று, கம்பு நுனியால் எதிராளியின் உடம்பைத் தொட வேண்டும்; தொட்டால் புள்ளி. தலைக்கவசம் உண்டு. வெறுமனே கம்பு சுற்றுவது கண்ணுக்கு அழகு, கோயில் திருவிழாவுக்கு நல்லது. ஆனால் வருடக்கணக்கில் சுற்றிக்கொண்டே மட்டும் இருக்கும் இடம் என்றால், என் மொட்டை மாடிக் கதைதான். உங்கள் குள்ள வாத்தியாரின் இடத்தில் இது நடக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. வார நாளில் நடக்காமல் ஞாயிற்றுக்கிழமை மட்டும் நடக்கலாம். போய்ப் பாருங்கள்.

அப்படிப் பார்க்கும்போது, நன்றாக ஆடும் பையனைப் பார்க்காதீர்கள். அவன் எங்கே போனாலும் நன்றாக ஆடுவான். ஆகச் சுமாரான ஆளை வாத்தியார் எப்படி நடத்துகிறார் என்று பாருங்கள். வகுப்பறையில் நீங்கள் தினமும் செய்கிற வேலைதானே.

பிளாக் பெல்ட் பற்றி ஒரு வார்த்தை. ஜூடோவைத் தொடங்கிய கானோ ஜிகோரோ 1882இல் டோக்கியோவில் ஒரு கோயிலில், பன்னிரண்டு பாய் விரிக்கும் அளவே உள்ள இடத்தில் கற்பிக்க ஆரம்பித்தார். இந்தப் படிநிலை ஏற்பாடு அவருடையது. ஓகினாவாக்காரரான ஃபுனாகோஷி 1924இல் அதைக் கராத்தேக்கு எடுத்துக்கொண்டார். முதல் கறுப்புப் பட்டைக்கு ஜப்பானியப் பெயர் ஷோடான். தொடக்கப் படி என்று அர்த்தம். 'இனிமேல்தான் பாடம் ஆரம்பம்' என்று சொல்லிக் கொடுக்கப்பட்டது, இங்கே ஃபிரேம் போட்டு ஹாலில் மாட்டும் பட்டமாகிவிட்டது. சேரும் முன்பே தேதி சொல்லித் தருகிறவரிடம் நான் போகமாட்டேன். யாருமே ஃபெயில் ஆகாத பரீட்சையைப் பற்றிக் கணக்கு டீச்சருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் மகளை உடனே நிறுத்த வேண்டும் என்று சொல்லவில்லை. ஒன்பது வயதில் ஓடி ஆடி வியர்த்தாலே பாதி லாபம். அவளுக்குப் பிடித்திருந்தால் போகட்டும்.

தற்காப்பு. இதில் பொய் அதிகம். 'பத்து நாளில் தற்காப்பு', 'மூன்று மாதத்தில் வர்மம்' என்று போஸ்டர் ஒட்டுகிறார்கள். குமரி மாவட்டத்து ஆசான்கள் வர்மத்தை வருடக்கணக்கில், ஆளைப் பார்த்துத்தான் சொல்லித்தருவார்கள். அதில் பாதி வைத்தியம். பஸ்ஸிலோ தெருவிலோ ஒருவன் வம்புக்கு வந்தால் உதவுவது மூன்றுதான்: முன்கூட்டியே கவனிப்பது, அடிவயிற்றிலிருந்து சத்தம் போடுவது, ஓடுவது. ஓடிய பிறகு அவசர உதவி எண் 112. சிலம்பக் கம்பைக் கைப்பையில் கொண்டுபோக முடியாது. ஆனால் ஆறு மாதம் தொடுமுறை பழகிய ஒருவருக்கு, எதிரே இருப்பவனின் கை எவ்வளவு தூரம் எட்டும் என்று தன்னாலேயே தெரிய ஆரம்பிக்கும். அடி வருகிறது என்றால் கண்ணை மூடிக்கொள்ளும் பழக்கம் போய்விடும். எனக்குக் கிடைத்தது அவ்வளவுதான். அது சின்ன விஷயம் இல்லை.

முழங்கால். எலும்பு டாக்டரிடம் காட்டிவிட்டுத் தொடங்குங்கள், தள்ளிப்போடாதீர்கள். டேக்வாண்டோ உயரமான உதைகளை நம்பியது, ஒற்றைக் காலில் சுழல வேண்டும், உங்களுக்கு வேண்டாம். ஜூடோ அருமையான கலை. விழுவதற்குத்தான் முதலில் கற்றுத்தருவார்கள். ஆனால் நாற்பதை ஒட்டி, வலிக்கும் மூட்டோடு தூக்கி எறியப்படுவதில் தொடங்க வேண்டியதில்லை. கேரளத்துக் களரியில் மெய்த்தாரி என்ற உடற்பயிற்சி முறை நன்றாக வளைய வைக்கும், தாழ்ந்து உட்காரவும் வைக்கும். வயது ஒரு தடையா என்றால், வடகரை மீனாட்சியம்மா எழுபது வயதைத் தாண்டிக் களரியில் நின்றவர். 2017இல் பத்மஸ்ரீ வாங்கினார். ஆனால் அவர் தொடங்கியது ஏழு வயதில், அதையும் சொல்லிவிட வேண்டும்.

நான் மதுரையில் சிலம்பத்தில் சேர்ந்தபோது வயது 42. முதல் மாதம் கம்பையே கையில் தரவில்லை. தரையில் கோலப்பொடியால் ஒரு சதுரம் போட்டு, மூலைக்கு மூலை கால் மாற்றச் சொன்னார் வாத்தியார். காலடி. முன்னங்கால், பின்னங்கால், திரும்பு, மறுபடி. எனக்குக் கோபம் வந்தது, காசு கொடுத்துவிட்டு நடக்கக் கற்கிறோமே என்று. பத்தாம் வகுப்புப் பையன்கள் என்னைச் சுற்றி விர்ரென்று வீசிக்கொண்டிருந்தார்கள். இரண்டாம் மாதம் கம்பு வந்தது. அப்போதுதான் தெரிந்தது, கம்பு தானாக வருகிறது, கால்தான் வரமாட்டேன் என்கிறது. மொட்டை மாடியில் அந்தப் பையன் கேட்டதற்கு இருபது வருடம் கழித்துப் பதில் கிடைத்தது.

வகுப்பு தேடுவது பற்றி. சுவரொட்டிகளை நம்ப வேண்டாம். அரசு வேலைக்கான 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீட்டில் சிலம்பம் சேர்ந்த பிறகு தெருவுக்குத் தெரு வகுப்பு முளைத்திருக்கிறது. நல்லதும் உண்டு, சான்றிதழ்க் கடைகளும் உண்டு. உங்கள் பள்ளி பி.டி. மாஸ்டரைக் கேளுங்கள், போட்டிகளுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போகிறவருக்கு யார் எப்படி என்று தெரியும். காஜாமலை அண்ணா விளையாட்டரங்கத்தில் மாவட்ட விளையாட்டு அலுவலகம் இருக்கிறது, அங்கேயும் விசாரிக்கலாம். ஆனால் எவ்வளவு நல்ல வகுப்பாக இருந்தாலும், தினமும் காவிரிப் பாலத்தைத் தாண்டிப் போக வேண்டுமென்றால் இரண்டாவது மழையில் நின்றுவிடுவீர்கள். நடந்து போகும் தூரத்தில் ஒருவர் இருக்கும்போது ஏன் அலைய வேண்டும்? மூன்று மாதக் கட்டணத்தை மொத்தமாக மட்டும் எங்கேயும் கட்டாதீர்கள்.

சுடிதாரில் போகலாம். துப்பட்டா வேண்டாம். வளையல், மோதிரம் எல்லாவற்றையும் வீட்டில் கழற்றி வைத்துவிடுங்கள். கம்பு வாங்க அவசரப்படாதீர்கள். உங்கள் நெற்றி உயரத்துக்கு அளந்து வாத்தியாரே வெட்டித் தருவார். பிரம்பு லேசு, வளைந்துகொடுக்கும், மூங்கில் கனம். கம்பு கைக்கு வந்த முதல் வாரம் அது எதிராளியைவிட உங்கள் விரல் முட்டியைத்தான் அதிகம் அடிக்கும். சாக்பீஸ் பிடிக்க முடியாது. அந்த வாரம் பிள்ளைகளுக்குப் பரீட்சை வைத்துவிடுங்கள்.