தேய்ந்தது ரீடா, கிழிந்தது துருத்தியா?

கேள்வி: மார்த்தாண்டம் பக்கத்தில் எங்கள் சபைக் கோயிலில் ஒரு பழைய கால்மிதி ஆர்கன் இருக்கிறது. எஸ்டி, பிராட்டில்பரோ என்று எழுதியிருக்கிறது. சத்தம் மெலிந்துவிட்டது, இரண்டு கட்டைகள் ஊமை. ஐப்பசி மழைக்குப் பிறகு சில கட்டைகள் அமுங்கியபடியே நிற்கின்றன. "ரீடு எல்லாம் தேய்ந்துவிட்டது, மொத்தமாக மாற்றணும். இல்லாவிட்டால் தியேட்டர் ஆர்கன் விலைக்கு நானே எடுத்துக்கொள்கிறேன்" என்கிறார் ஒருவர். என்ன செய்ய?

பதில்: முதலில் அந்த ஆளிடம் சாவியைக் கொடுக்காதீர்கள். உள்ளே எல்லாம் தேய்ந்துபோன பெட்டிக்கு எதற்கு நல்ல விலை தருகிறார்?

தியேட்டர் ஆர்கன் என்பது பேசாப் படக் காலத்துக் குழாய் ஆர்கன். மோட்டார் ஊதும் காற்றில் நூற்றுக்கணக்கான குழாய்கள் பாடும். டிரம், மணி எல்லாம் அதோடு சேர்த்தி. ஆர்கன் செய்துவந்த ராபர்ட் ஹோப்-ஜோன்ஸின் கம்பெனியை 1910-இல் வாங்கி, வுர்லிட்சர் என்ற இசைக்கருவிக் கம்பெனி அதைப் பெரிய வியாபாரமாக்கியது. உங்களுடையது பிராட்டில்பரோ ஊரின் எஸ்டி கம்பெனி செய்த அமெரிக்க ரீடு ஆர்கன். ரீடு என்ற பித்தளை நாக்குகளின் மேல் காற்றை உறிஞ்சி ஒலிக்கிறது. சிலவற்றின் தலையில் வர்ணம் பூசிய குழாய் வரிசை இருக்கும், அது வெறும் அழகுக்கு. அதைக் காட்டித்தான் கதை விடுவார்கள்.

சத்தம் மெலிந்தால் சந்தேகம் துருத்தி மேல்தான். பின்பலகையைக் கழற்றி, ஒரு கட்டையும் தொடாமல் நன்றாக மிதித்துவிட்டுக் காலை எடுங்கள். துருத்தி மெதுவாகத் தளர வேண்டும். சட்டென்று தளர்ந்தால் ரப்பர் துணியில் ஓட்டை. அதை மாற்றலாம். ரெக்சினை வெட்டி ஃபெவிகாலில் ஒட்டுகிறவர்களை மட்டும் விடாதீர்கள். ரெக்சின் ரப்பர் துணிபோல இணங்கி மடங்காது, அந்தப் பசையோ அடுத்த முறை மரத்தோடுதான் பிரிந்து வரும். பழைய தச்சர்கள் வஜ்ரப் பசை போட்டது ஈரமும் சூடும் காட்டினால் சுத்தமாகக் கழன்று வரட்டும் என்றுதான்.

ஊமைக் கட்டைக்குப் பெரும்பாலும் தூசிதான் காரணம், இல்லாவிட்டால் செத்த பூச்சி. ரீடைக் கொக்கியால் இழுத்து, மென்மையான தூரிகையால் துடைத்து, அதே இடத்தில் திரும்பச் செருகினால் போதும். சுரண்டக் கூடாது, சுருதி போய்விடும்.

மாற்ற வேண்டிய ரீடு ஒன்று உண்டு: விரிசல் விட்டது. அடையாளம் சொல்கிறேன். நேற்றுவரை சரியாக இருந்த ஸ்வரம் திடீரென்று இறங்கி, கரகரத்து, பிறகு நின்றுவிடும். துடைத்தாலும் இறக்கம் மாறாது. வெளிச்சத்தில் பிடித்தால் நாக்கின் அடியில் மயிரிழைக் கோடு தெரியலாம். அந்த ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ஒன்று விரிசல் விட்டது என்பதற்காக மொத்தத்தையும் பிடுங்க விடாதீர்கள். பழைய ரீடுகள் வேறு எங்கோ விலை போகும், உங்களுக்கு மெலிசான தகடு வந்து சேரும்.

அமுங்கி நிற்கும் கட்டைக்கு ஒன்றும் செய்ய வேண்டாம். இரண்டு பருவமழையும் பெய்யும் ஊரில் மரம் உப்பத்தான் செய்யும். மாசி வரை பொறுங்கள், அரம் போடாதீர்கள்.

அப்புறம் கமிட்டி. மூன்று கொட்டேஷன் வேண்டும் என்பார்கள். மூன்றும் கீபோர்டு விற்கும் கடைகளிலிருந்தே வரும், மூன்றிலும் 'பழுது பார்க்க இயலாது' என்றிருக்கும். கிழிந்த துணிக்கு அந்தக் கடைக்காரரிடம் விலை கேட்டால் வேறென்ன எழுதுவார்? துருத்தி வேலை தெரிந்த ஒருவரைக் கோயிலுக்கே வரச் சொல்லுங்கள். கழற்றும் ஒவ்வொரு ரீடையும் வரிசைப்படி போனில் படமெடுத்த பிறகே கை வைக்கட்டும். பெட்டி வெளியே போக வேண்டாம்.