கெல்லியின் ஊர்வழியே பனிமலைக்கு – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மெல்பர்னுக்குக் குடிவந்து இரண்டு வருடங்கள் ஆகின்றன. ஜூலை விடுமுறையில் குழந்தைகளுக்குப் பனி காட்ட விக்டோரியாவின் வடகிழக்கு மலைகளுக்குப் போகிறோம். மூன்றே நாட்கள். வழியில் ஒயின் தோட்டங்களையும் நெட் கெல்லி என்ற கொள்ளையனின் ஊர்களையும் விட்டுவிடாதீர்கள் என்கிறார்கள் நண்பர்கள். எங்கள் வீட்டில் யாரும் குடிப்பதில்லை. மூன்று போலீஸ்காரர்களைக் கொன்றவனுக்குச் சிலை வைத்திருப்பதைப் பார்க்கவும் மனம் ஒப்பவில்லை. நேராக மலைக்கே போய்விடலாமா?

– கே., மெல்பர்ன்

அன்புள்ள கே.,

கிளென்ரோவனில் நிற்கும் ஆறு மீட்டர் உயரச் சிலையைத் தாராளமாகத் தவிர்த்துவிடலாம். அதைப் பார்த்து எனக்குச் சிரிப்புதான் வந்தது. பீச்வொர்த்தை மட்டும் தவிர்க்காதீர்கள்.

அங்கே பழைய நீதிமன்றம் இருக்கிறது. நெட்டின் தம்பி டேனைக் கைது செய்ய வீட்டுக்கு வந்த காவலரைக் கொல்ல முயன்றதற்கு உடந்தையாக இருந்ததாக அவர்கள் தாய் எலன் கெல்லிமீது வழக்கு. கைக்குழந்தைக்காரியான அவளுக்கு 1878 அக்டோபரில் நீதிபதி ரெட்மண்ட் பாரி மூன்று வருடச் சிறை விதித்தார். அதே மாதம் 26ஆம் தேதி ஸ்ட்ரிங்கிபார்க் ஓடையருகே மூன்று போலீஸ்காரர்கள் சுடப்பட்டார்கள். இரண்டு வருடம் கழித்து மெல்பர்னில் நெட்டுக்குத் தூக்கு விதித்தவரும் அதே பாரிதான். 1880 நவம்பர் 11 அன்று தூக்கு நிறைவேறியது. பன்னிரண்டு நாள் கழித்துப் பாரியும் இறந்துபோனார். நாட்டுப்புறக் கதைக்கு இதைவிட என்ன வேண்டும்?

உங்கள் தயக்கம் நியாயமானது. சுடப்பட்ட கென்னடி, ஸ்கான்லன், லோனிகன் மூவரும் கெல்லியின் தந்தையைப் போலவே அயர்லாந்தில் பிறந்தவர்கள். அவர்களுக்கு மான்ஸ்ஃபீல்டில் நினைவுச்சின்னம் உண்டு. ஆனால் அது வேறு பாதை, மூன்று நாளில் அடங்காது. கெல்லியை வீரனாக்குவதில் எனக்கும் உடன்பாடு இல்லை. இருந்தாலும் அவனுக்குப் பின்னால் ஒரு நிலத்தகராறு இருந்தது. நல்ல நிலம் பெரிய மேய்ச்சல்காரர்களிடம் இருந்தது. மிச்சத்தைத் தவணைக்கு எடுத்து ஏழைகள் உழுதார்கள். போலீஸ் யார் பக்கம் என்பதில் அந்த ஏழைகளுக்குச் சந்தேகமே இருக்கவில்லை. கெல்லி சொல்லச் சொல்லக் கூட்டாளி ஜோ பைர்ன் எழுதிய 56 பக்க ஜெரில்டெரி கடிதம் முழுக்க இந்த ஆத்திரம்தான். கடைசிச் சண்டைக்குக் கெல்லி அணிந்த கவசம்கூட, கலப்பையில் மண்ணைப் புரட்டும் இரும்புத் தகடுகளை அடித்துச் செய்தது. ஏறக்குறைய 44 கிலோ. காலை மறைக்கவில்லை, போலீஸ் காலில்தான் சுட்டது. கடிதம், கவசம் இரண்டுமே உங்கள் ஊர் மாநில நூலகத்தில் இருக்கின்றன. குழந்தைகளுக்கு முதலில் அவற்றைக் காட்டிவிட்டுக் கிளம்புங்கள்.

பீச்வொர்த் இடுகாட்டில் சீனர் பகுதிக்கும் போங்கள். தங்கம் தோண்ட வந்து ஊர் திரும்பாதவர்கள் அங்கே கிடக்கிறார்கள். இறந்தவர்களுக்கான காணிக்கைத் தாள்களை எரிக்க 1857இல் கட்டிய இரண்டு கோபுரங்கள் இன்னும் நிற்கின்றன. அதே வருடம் ஜூலை 4 அன்று, பக்கத்துப் பக்லண்ட் பள்ளத்தாக்கிலிருந்து சீனர்களை வெள்ளைச் சுரங்கக்காரர்கள் அடித்து விரட்டினார்கள். அந்தச் சீனர்களுக்கு ஆறு மீட்டர் சிலை எதுவும் கிடையாது.

ஒயின் தோட்டம் உங்களுக்கு ஏமாற்றமாகவே இருக்கும். ஜூலை கவாத்துக் காலம். கொடியில் இலைகூட இராது. ஆனாலும் ரதர்கிளென் பக்கம் ஒரு பீப்பாய்க் கொட்டகைக்குள் நுழைந்து மூச்சை இழுத்துப் பாருங்கள். மஸ்கட் திராட்சையைக் கொடியிலேயே வதங்கவிட்டுப் பறித்து, பாதி நொதிக்கும்போது சாராயம் சேர்த்து நிறுத்தி, பல பத்தாண்டுகள் மரப்பீப்பாயில் கிடத்துகிறார்கள். உலர்திராட்சையும் வெல்லப்பாகும் கலந்த வாசனை. வாசனைக்கு யாரும் பாவம் சொல்ல மாட்டார்கள். குழந்தைகளுக்கு மிலாவாவில் பாலாடைக்கட்டி கிடைக்கும்.

இனி பனி. முதல்முறை பார்க்கும் குழந்தைகளுக்கு ஹோதம் தேவையில்லை. சறுக்கத் தெரிந்தவர்களின் மலை அது. பஃபலோ மலையில் சறுக்குப்பலகையோடு விளையாட இடம் உண்டு. ஆனால் உயரம் குறைவு, பனி இருக்கிறதா என்று அன்று காலையே விசாரித்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் ஃபால்ஸ் கிரீக் என்ற பனிச்சறுக்கு ஊர். டீசல் வண்டியானால் அடிவாரத்தில் மலைக்கான டீசலைப் போடுங்கள். சாதாரண டீசல் அந்தக் குளிரில் மெழுகாகிவிடும். வாடகை வண்டியானால் பனிப்பாதைக்கு அனுமதி உண்டா என்று ஒப்பந்தத்தைப் படியுங்கள். பனியில் வழுக்காமல் இருக்க டயர் சங்கிலியை வாடகைக்கு எடுத்ததும், கடை வாசலிலேயே ஒருமுறை மாட்டிப் பழகுங்கள். நான் அதைச் செய்யாமல் போய், சாலையோரச் சேற்றில் முக்கால் மணிநேரம் மண்டியிட்டுக் கிடந்தேன். மாட்டி முடித்த பிறகுதான் தெரிந்தது, தப்பான சக்கரம்.