கடனில் எழுந்த தொலைநோக்கி: பெர்னார்ட் லவல் பற்றிக் கேள்வி பதில்

விண்ணிலிருந்து வரும் ரேடியோ அலைகளைப் பிடித்து ஆராயும், இங்கிலாந்தின் ஜோட்ரல் பேங்க் வானாய்வகத்தை உருவாக்கிய சர் பெர்னார்ட் லவல் (1913–2012) பற்றி வந்த கேள்விகளுக்கான பதில்கள்.

இயற்பியல் மாணவி, திருநெல்வேலி: லவல் படித்தது வானியலா ஐயா?

இல்லை அம்மா, இயற்பியல். பிரிஸ்டலில் 1936இல் முனைவர் பட்டம், பிறகு மான்செஸ்டரில் காஸ்மிக் கதிர் (விண்வெளியிலிருந்து பாய்ந்துவரும் அதிவேகத் துகள்கள்) ஆராய்ச்சி. போர் வந்ததும் விமான ரேடார் பணிக்குப் போனார். போர் முடிந்தபின், ராணுவத்தில் மிஞ்சிய ரேடார் கருவிகளைக் கொண்டு காஸ்மிக் கதிர்களைப் பிடித்துவிடலாம் என்று எண்ணினார். நகரத்து டிராம்களின் மின் இரைச்சல் விடவில்லை. ஆகவே 1945 டிசம்பரில் பல்கலைக்கழகத் தாவரவியல் துறையின் நிலத்தில், ஜோட்ரல் பேங்கில், கருவிகளை இறக்கினார். எதிரொலிகள் வந்தன, ஆனால் அவை எரிகற்கள் விட்டுச்சென்ற தடங்களிலிருந்து வந்தவை. தேடியது கிடைக்கவில்லையே என்று மூட்டை கட்டாமல் எரிகற்களையே பிடித்துக்கொண்டார். கண்ணுக்குத் தெரியாத பகல்நேர எரிகல் பொழிவுகள்கூட ரேடாரில் சிக்கின. அவர் வானியலர் ஆனது இப்படித்தான்.

பள்ளி மாணவர், தஞ்சாவூர்: ஹெட்போன் மாட்டிக்கொண்டு விண்ணொலியைக் கேட்பார்களா?

திரைப்படங்களில் கேட்பார்கள். அன்றைய வானியலர்கள் காகிதச் சுருளில் பேனா இழுத்த கோட்டைப் பார்த்தார்கள்.

ஓய்வுபெற்ற கணக்காயர், கோவை: 76 மீட்டர் அகலக் கிண்ணம் கொண்ட தொலைநோக்கிக்காகப் பெருங்கடனில் சிக்கினாராமே?

உண்மைதான். பொறியாளர் சார்லஸ் ஹஸ்பண்ட் வடிவமைக்க, 1952இல் வேலை தொடங்கியது. பழைய போர்க்கப்பல்களின் பீரங்கி மேடைகளைச் சுழற்றிய பல்சக்கர அமைப்புகளை வாங்கித் தொலைநோக்கிக்குப் பொருத்தினார்கள். அப்படிச் சிக்கனம் பிடித்தும் செலவு முதல் மதிப்பீட்டைப் போல் இரண்டு மடங்கைத் தாண்டியது. நாடாளுமன்றத்தின் பொதுக் கணக்குக் குழுவும் கண்டித்தது.

1957 அக்டோபர் 4 அன்று சோவியத் நாட்டின் ஸ்புட்னிக், உலகின் முதல் செயற்கைக்கோள், பறந்தது. அதைச் சுமந்துசென்ற ராக்கெட்டை ரேடாரால் பின்தொடர லவலின் கிண்ணத்தால் முடிந்தது. நேற்றுவரை வீண்செலவு என்றிருந்தது ஒரே வாரத்தில் நாட்டின் பெருமையாகிவிட்டது. கடன் மட்டும் அப்படியே நின்றது. 1960இல்தான் கார் உற்பத்தியாளர் நஃபீல்ட் பிரபுவும் அவரது அறக்கட்டளையும் மிச்சத்தை அடைத்தார்கள்.

ஆசிரியை, யாழ்ப்பாணம்: இவ்வளவு நெருக்கடியில் சொற்பொழிவுக்கு எப்படி நேரம் கிடைத்தது?

நெருக்கடியே ஒரு காரணம் என்பது என் கருத்து. 1958இல் பி.பி.சி. வானொலி ஆண்டுதோறும் ஓர் அறிஞரைப் பேசவைக்கும் ரீத் சொற்பொழிவுகளுக்கு அவரை அழைத்தார்கள். மொத்தம் ஆறு உரைகள். அவற்றில் ஒன்றின் பொருள் வானியலும் அரசும். தலைமேல் கடனை வைத்துக்கொண்டு, ஆராய்ச்சிக்கு அரசு ஏன் பணம் தரவேண்டும் என்று நாட்டு மக்களிடமே பேசியிருக்கிறார்! துணிச்சல்தான்.

எனக்குப் பிடித்தவை கடைசி இரண்டு உரைகள். பிரபஞ்சம் ஒரு தொடக்கத்திலிருந்து விரிந்ததா, அல்லது பொருள் இடைவிடாமல் புதிதாகத் தோன்றிக்கொண்டே இருக்கிறதா என்பது அன்று தீராத வழக்கு. லவல் இரு தரப்புக்கும் ஓர் உரை ஒதுக்கினார். ஞாயிறுகளில் தேவாலயத்தில் ஆர்கன் வாசித்தவர் அவர். ஆனால் வழக்கைத் தன் நம்பிக்கைப் பக்கம் வளைக்கவில்லை. இன்று மேடையேறும் பலரிடம் இந்தப் பொறுமை இல்லை.

வாசகர், சென்னை: ரஷ்யர்களின் நிலவுப் படத்தைத் திருடினாரா?

வானில் வந்த அலையைப் பிடித்தார். திருட்டு என்று சொல்லமாட்டேன். 1966 பிப்ரவரியில் நிலவில் இறங்கிய ரஷ்ய விண்கலம் லூனா 9 அனுப்பிய சமிக்ஞை, பத்திரிகை அலுவலகங்கள் படம் அனுப்பும் முறையை ஒத்திருந்தது. டெய்லி எக்ஸ்பிரஸ் நாளிதழிடமிருந்து கருவியை வரவழைத்துப் படத்தை எடுத்தார்கள். ரஷ்யர்களுக்கு முன்பே அச்சிலும் வந்தது. அகல உயர விகிதம்தான் பிசகிவிட்டது.

அதே வாசகர்: அந்தத் தொலைநோக்கி இப்போது?

லவல் பெயரோடு இயங்குகிறது. துடிவிண்மீன்களை (சுழன்றபடி சீரான இடைவெளியில் ரேடியோ துடிப்புகளை அனுப்பும் விண்மீன்களை) கவனிப்பது அதன் முக்கிய வேலைகளில் ஒன்று. 2019இல் யுனெஸ்கோ ஜோட்ரல் பேங்கை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.